இறந்தவருக்குச் சேர வேண்டிய கணக்கு

ஜாஷ் கிப்சன் 1947 ஜனவரி 20 அன்று பிட்ஸ்பர்க் நகரில் இறந்தார். வயது 35. மூன்று மாதம் நிறைவதற்குள், ஏப்ரல் 15 அன்று, ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக மைதானத்தில் இறங்கினார். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் சுமார் அறுபது ஆண்டுகள் கறுப்பின ஆட்டக்காரர்களை வெளியே நிறுத்தியிருந்த தடை அன்று உடைந்தது. அந்தத் தடைக்கு மறுபுறமே வாழ்ந்து முடித்த கிப்சன் மேஜர் லீக் ஆட்டம் ஒன்றில்கூட மட்டை பிடித்ததில்லை. ஆனால் 2024 மே மாத இறுதியில் அதே மேஜர் லீக் நிர்வாகம், தன் வரலாற்றிலேயே உயர்ந்த பேட்டிங் சராசரி அவருடையது என்று பதிந்தது. அவருடைய சராசரி .372; அதாவது ஆயிரம் முறை அடிக்க நின்றால் 372 ஹிட். அதுவரை முதலிடத்தில் இருந்தவர் டை காப், அவருடையது .367. ஒரு சீசனின் உயர்ந்த சராசரியும் கிப்சனுக்கே வந்தது. 1943இல் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்காக அவர் எட்டிய .466, ஹியூ டஃபி 1894இல் எட்டிய .440ஐ முந்திக்கொண்டது. இறந்து 77 ஆண்டுகள் ஆன ஒருவருக்கு நடந்திருப்பது என்ன? நீதியா, ஆறுதலா, வெறும் சடங்கா? இறந்தவருக்கு நீதி என்ற ஒன்றைச் செய்யவே முடியுமா?

கேள்வி பழையது. விளையாட்டு அதற்கு அபூர்வமான தெளிவைத் தருகிறது. வாழ்க்கையின் மற்ற துறைகளில் ஒருவருக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்பதே தகராறாக இருக்கும். பேஸ்பாலில் ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு உண்டு. கறுப்பினத்தவருக்கான லீகுகளிலும் அந்தக் கணக்கு இருந்தது. ரூப் ஃபாஸ்டர் 1920இல் கான்சஸ் சிட்டியில் கூட்டம் கூட்டி நீக்ரோ நேஷனல் லீகைத் தொடங்கினார். அப்போது வழங்கிய பெயரே வரலாற்றில் நின்றுவிட்டது. அங்கே சாம்பியன் பட்டங்கள் இருந்தன, ரசிகர்கள் இருந்தார்கள், வீரர்களைக் கைமாற்றும் பேரங்களும் இருந்தன. 1937இல் பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணி தன் கேட்சர் கிப்சனையும் ஜூடி ஜான்சனையும் ஹோம்ஸ்டெட் கிரேஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு இரண்டு ஆட்டக்காரர்களையும் 2,500 டாலரையும் வாங்கிக்கொண்டது. ஒரு கேட்சரின் விலை என்ன என்பதைத் துல்லியமாக அறிந்திருந்த உலகம் அது. இவ்வளவும் இருந்தும், எவையெல்லாம் மேஜர் லீக் என்று தீர்மானிக்க 1968–69இல் கூடிய சிறப்புக் குழு ஆறு லீகுகளுக்கு அந்தத் தகுதியைக் கொடுத்தது. கறுப்பின லீகுகளைப் பற்றி அது விவாதிக்கக்கூட இல்லை. அந்தப் புறக்கணிப்பு திருத்தப்பட அரை நூற்றாண்டு ஆனது. 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு லீகுகளுக்கும் மேஜர் லீக் தகுதி உண்டு என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. மூன்றரை ஆண்டுகள் கழித்து எண்களும் பட்டியலில் ஏறின.

இதை வீண்வேலை என்று சொல்லக்கூடிய பெரிய சிந்தனையாளர்கள் உண்டு. சாவு இருக்கும் இடத்தில் நாம் இல்லை, எனவே சாவுக்குப் பின் நமக்கு நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்பது எபிகுரஸின் வாதம். நம் நாட்டு உலகாயதர் இன்னும் கூர்மையாகக் கேட்டார்கள்: இங்கே படைக்கும் பிண்டம் மேலுலகத்தில் இருப்பவரின் பசியைத் தீர்க்கும் என்றால், வழிப்போக்கருக்குக் கட்டுச்சோறு எதற்கு? வீட்டில் இலை போட்டாலே அவர் வயிறு நிறைந்துவிடுமே. இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. .372 என்ற எண் கிப்சனைச் சென்றடையவில்லை. எந்த மறுமையிலும் அவர் நாளிதழ் விரித்து அதைப் படித்தார் என்று நான் நம்பவில்லை. அப்படி நம்பினால்தான் இந்தத் திருத்தத்துக்கு அர்த்தம் என்றால், இதற்கு அர்த்தமே இல்லை என்று ஒப்புக்கொண்டுவிடலாம். ஆனால் உலகாயதரின் வாதம் அடித்து வீழ்த்துவது கொடையை மட்டுமே. கொடைக்குத்தான் பெறுபவர் வேண்டும்; கையை நீட்டி வாங்க ஆள் இல்லாதபோது கொடுத்தல் நிகழ்வதில்லை. உண்மைக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஒருவரைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் அவதூறு பேசுகிறார்கள், அது கடைசிவரை அவர் காதை எட்டவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வலிக்கவில்லை என்பதால் அவருக்கு அநியாயம் நடக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா? இறந்தவர் விஷயத்திலும் பொய் எவரைப் பற்றியது என்பதைப் பார்க்க வேண்டும். கல்லறையில் இருக்கும் எலும்புகளைப் பற்றியதல்ல அது. பிட்ஸ்பர்கிலும் வாஷிங்டனிலும் மட்டையோடு நின்ற, ரத்தமும் சதையுமான கிப்சனைப் பற்றியது. பேஸ்பாலில் மிகச் சிறப்பாக அடித்தவர் யார் என்று கேட்டு ஒவ்வொரு முறையும் அவர் பெயரை விட்டுவிட்டுப் பதில் சொன்னபோது, அந்த மனிதரைப் பற்றி 2023இலும் புதிதாக ஒரு பொய் சொல்லப்பட்டது.

நடந்ததை நடக்காததாக ஆக்கும் ஆற்றல் ஒன்று மட்டும் கடவுளுக்கும் இல்லை என்ற நாடகக் கவிஞர் அகத்தோனின் கருத்தை அரிஸ்டாட்டில் தன் அறநூலில் எடுத்தாள்கிறார். கடந்த காலத்தைத் திருத்தப் பார்க்கிறார்கள் என்று 2024 அறிவிப்பைக் குறைசொன்னவர்கள் அறியாமலேயே இந்தக் கருத்தின் மேல்தான் நின்றார்கள். எனக்கு அது எதிர்த்திசையில் வேலை செய்வதாகப் படுகிறது. கடந்த காலம் நம் சொல்லுக்கேற்ப வளையும் என்றால், தவறான பதிவு என்ற ஒன்றே இருக்க முடியாது. எழுதியதுதான் நடந்தது என்றாகிவிடும். நடந்தது அசையாமல் நிற்பதால்தான் பதிவு அதற்குக் கட்டுப்பட்டது ஆகிறது. 1943இல் கிப்சன் அடித்தவை அன்றே முழுமையாக அடிக்கப்பட்டுவிட்டன. 2024இல் மாறியது நம் கூற்று மட்டும்.

இங்கே விருதையும் சாதனையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விருது சிலர் கூடி ஒருவருக்குக் கொடுப்பது. அது கொடுக்கப்படும் வரை இல்லை. கொடுத்தவர் மனம் மாறினால் பெயரையும் வடிவத்தையும் மாற்றிக்கொள்ளலாம். சாதனை எவருடைய இசைவுக்கும் காத்திராமல் நடந்துவிடுவது. அதை மறைக்கலாம், எண்ணாமல் விடலாம், இல்லாமல் ஆக்க முடியாது. இந்த வேறுபாட்டை 1910ஆம் ஆண்டுக் கதையைப் போல விளக்கும் நிகழ்ச்சி வேறில்லை. அந்த ஆண்டு பேட்டிங்கில் முதலிடம் பெறுபவருக்கு ஒரு கார் பரிசு என்று சால்மர்ஸ் மோட்டார் நிறுவனம் அறிவித்திருந்தது. போட்டி டெட்ராய்ட்டின் டை காபுக்கும் கிளீவ்லாந்தின் நாப் லாஜுவேக்கும் இடையே. முன்னணியில் இருந்த காப் கடைசி ஆட்டங்களில் இறங்காமல் உட்கார்ந்துவிட்டார். கடைசி நாளில் லாஜுவேக்கு செயின்ட் லூயிஸ் அணியோடு அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள். காபை அந்தக் காலத்தில் பலருக்குப் பிடிக்காது; செயின்ட் லூயிஸ் மேலாளர் தன் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரரை வெகுதூரம் பின்னால் தள்ளி நிறுத்தினார். லாஜுவே பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினார், திரும்பத் திரும்ப. அன்று மட்டும் எட்டு ஹிட். மேலாளரும் அவருக்குத் துணைபோன பயிற்றுநரும் வேலை இழந்தார்கள். அமெரிக்கன் லீக் தலைவர் பான் ஜான்சன் கணக்கை ஆராய்ந்து, காப் .385, லாஜுவே .384 என்று அறிவித்தார். சால்மர்ஸ் நிறுவனம் இருவருக்குமே ஆளுக்கொரு கார் கொடுத்துவிட்டது.

கார் விஷயத்தில் எவரும் தப்புச் சொல்ல முடியாது. பரிசு கொடுப்பவரின் தாராளம் அது. இரண்டு கொடுக்கலாம், பத்தும் கொடுக்கலாம். அதே தாராளத்தோடு இருவருமே முதலிடம் என்று கணக்கை எழுத முடியாது. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் பழைய ஏடுகளைப் புரட்டியபோது, அந்த ஆண்டு காப் மூன்று முறை நின்று இரண்டு ஹிட் அடித்த ஓர் ஆட்டம் இரண்டு தடவை எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. அதை நீக்கினால் 1910இன் முதல்வர் லாஜுவே. காபின் மொத்த ஹிட்களும் 4,191லிருந்து 4,189 ஆகக் குறையும். 1981இல் ஸ்போர்ட்டிங் நியூஸ் இதழ் இதை வெளியிட்டது. அப்போதைய ஆணையர் போவி கூன் திருத்த மறுத்தார். எழுபது ஆண்டு கடந்துவிட்டது, அந்தக் கால இடைவெளியே ஒருவகைக் காலவரம்பு என்பது அவர் தரப்பு. லாஜுவே 1959இலும் காப் 1961இலும் இறந்திருந்தார்கள்.

காலவரம்பு என்ற வாதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நீதிமன்றங்களில் அதற்கு நல்ல காரணம் இருக்கிறது: சாட்சிகள் மறைகிறார்கள், நினைவு மங்குகிறது, உயிரோடு இருப்பவர் தலைமேல் வழக்கு என்றென்றும் தொங்கக் கூடாது. ஆனால் அது தண்டனைக்கும் உரிமைக் கோரிக்கைக்கும் வைத்த வரம்பு. உண்மைக் கூற்றுக்கு வரம்பு வைத்தால் அதன் பொருள், எழுபது ஆண்டு தொடர்ந்து சொல்லப்பட்ட பிழை தானாகவே சரியாகிவிடும் என்பதுதான். விளையாட்டு நிர்வாகமே அதை நம்பவில்லை என்பது 1999இல் தெரிந்தது. சிகாகோ கப்ஸ் அணியின் ஹேக் வில்சன் 1930இல் ஓட வைத்து ஈட்டிக்கொடுத்த ரன்கள் 190 என்று தலைமுறைகளாகப் பாடம். ஒரே சீசனில் வேறெவரும் அதை எட்டியதில்லை. அந்த ஜூலையில் நடந்த ஆட்டமொன்றில் அவருடைய ரன் ஒன்று சக ஆட்டக்காரரின் பெயரில் விழுந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 69 ஆண்டுகள் கழித்து ஆணையர் பட் செலிக் அதை 191 என்று திருத்தினார். வில்சன் 1948லேயே இறந்துவிட்டவர். அவருக்கு அந்த ஒரு ரன்னால் ஆகப்போவது எதுவும் இல்லை, அவருடைய முதலிடமும் அதனால் மாறவில்லை. இருந்தும் திருத்தினார்கள். பலன் அறவே இல்லாத அந்த இடத்தில் கடமை மட்டும் தனித்துத் தெரிகிறது. அதனாலேயே எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த எண் 191.

கிப்சன் காலத்து லீகுகள் சேர்க்கப்பட்டபோதும் விருதும் கணக்கும் வெவ்வேறு வழியில் போயின. ராபின்சன் 1945இல் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸுக்காக அடித்த 49 ஹிட்கள் இப்போது அவருடைய மேஜர் லீக் கணக்கில் உண்டு. சாச்செல் பேஜ் பிட்சராக வென்ற ஆட்டங்கள் 28லிருந்து 125 ஆயின. 1945இல் ராபின்சன் ஆடியது மேஜர் லீக் என்றால், 1947இல் அவர் அறிமுக ஆட்டக்காரர் அல்ல. அந்த ஆண்டின் சிறந்த அறிமுக ஆட்டக்காரர் விருது, அதுவும் அந்த விருதின் முதல் பதக்கம், அவரிடம் எப்படி இருக்க முடியும் என்று தர்க்கம் பேசலாம். ஆனால் விருது அவரிடமே இருக்கிறது, இருக்க வேண்டியதும்தான். 1947இல் வாக்களித்தவர்கள் கொடுத்தார்கள், அவர் பெற்றார். அது நடந்த செயல். மாறாக, மிக மதிப்புவாய்ந்த ஆட்டக்காரர் விருதின் பலகையில் பொறிக்கப்பட்டிருந்த ஆணையர் லாண்டிஸின் பெயரை 2020இல் பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் வாக்கெடுத்து நீக்கியது. அவர் பதவியில் இருந்த 1920 முதல் 1944 வரை ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட உள்ளே வரவில்லை. பலகையில் பெயர் பொறிப்பது நாம் கொடுத்த மரியாதை. அதைத் திரும்பப் பெறும் உரிமையும் நமக்கு உண்டு. லாண்டிஸ் ஆணையராக இருந்தார் என்ற வரியை எவரும் அழிக்கவில்லை.

இனி எண்களை அறிந்தவர்களின் ஆட்சேபம். இதுதான் அதிகம் கேட்கப்பட்டது, மதிப்போடு பதில் சொல்ல வேண்டியதும்கூட. கறுப்பின லீகுகளின் சீசன் குறுகியது, சுமார் அறுபது லீக் ஆட்டங்கள். அணிகள் பிழைப்புக்காக ஊர் ஊராகப் போய் ஆடிய எண்ணற்ற காட்சி ஆட்டங்கள் கணக்கில் வராது. கிப்சன் அடிக்க நின்ற எண்ணிக்கை காபுடையதில் கால்பங்கைக்கூட எட்டாது. குறுகிய சீசனில் சராசரி உச்சிக்குப் போவது எளிது. எதிரே வீசியவர்களின் தரமும் சீராக இருந்திருக்காது. இவை எல்லாம் உண்மை. ஆனால் இந்த உண்மைகள் ஒருபக்கம் மட்டும் பாய்வதில்லை. காபும் பேப் ரூத்தும் லீக் ஆட்டங்களில் பேஜ் போன்ற ஒரு பிட்சரை எதிர்கொள்ள நேர்ந்ததே இல்லை. நாட்டின் மிகச் சிறந்த பிட்சர்களில் ஒரு பகுதியினரை வெளியே நிறுத்தி வைத்திருந்த லீகில் எடுத்த சராசரிகள்தான் அவர்களுடையவை. 1884இல் ஒரே சீசன் நடந்து, சில அணிகள் பாதியிலேயே கலைந்துபோன யூனியன் அசோசியேஷனை மேஜர் லீக் என்று ஏற்க 1969இல் எவருக்கும் தயக்கம் இருக்கவில்லை. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் நடந்த அறுபது ஆட்டச் சீசனும் முழுச் சீசனாகவே எண்ணப்பட்டது. குறுகிய சீசன் குறை என்றால் எல்லோருக்கும் குறையாக இருக்க வேண்டும். அதற்கு மேல், சீசன் ஏன் குறுகியது? மைதானம் சொந்தமில்லை, வாடகைக்கு வெள்ளை அணிகளிடம் நிற்க வேண்டும், பயணத்தில் தங்க விடுதி கிடைக்காது. தடை போட்டவர்கள் அந்தத் தடையின் விளைவையே தகுதிக் குறைவுக்குச் சான்றாகக் காட்டுவதை நியாயம் ஏற்காது.

அதே சமயம், இரக்கத்தால் எண்ணைப் பெருக்குவதும் பொய்தான். ஆய்வாளர்கள் இதில் காட்டிய கண்டிப்பு இந்தப் பணியின் அறத்தை எனக்கு உணர்த்துகிறது. புகழ் அரங்கத்தில் கிப்சனின் பலகை, லீகிலும் தனி ஆட்டங்களிலுமாக ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்கிறது. அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஏறியிருப்பதோ 200க்கும் குறைவு, ஏனென்றால் லீக் ஆட்டங்களை மட்டும், அதுவும் சான்று கிடைத்தவற்றை மட்டும்தான் எண்ணினார்கள். வில்லி மேஸ் 1948இல் பர்மிங்ஹாம் பிளாக் பாரன்ஸுக்காக அடித்த 10 ஹிட்கள் சேர்ந்து அவர் மொத்தம் 3,293 ஆனது. அந்த ஆகஸ்டில் அவர் ஒரு ஹோம் ரன்னும் அடித்திருக்கிறார், அதற்குச் செய்தி இருக்கிறது. ஆட்டத்தின் முழு ஸ்கோர் அட்டை கிடைக்காததால் அது ஏறவில்லை. அவருடைய ஹோம் ரன்கள் 660ஆகவே நின்றன. நடந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தும் எண்ண மறுத்தது முதலில் கொடூரமாகப் படலாம். ஆனால் கணக்கைக் கொடையாக எண்ணியிருந்தால் அந்த ஒன்றையும் கொடுத்திருப்பார்கள். கொடுக்காமல் விட்டதால்தான் கொடுத்ததாகத் தோன்றும் மற்ற எல்லாமும் நம்பத்தக்கவை ஆகின்றன.

மிகக் கனமான ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது. கிப்சனைப் பட்டியலின் உச்சியில் வைத்ததும், அவர் ஏதோ மேஜர் லீகில் ஆடியவர் போலவே வருங்காலம் நினைத்துக்கொள்ளும். இழைத்த அநீதி எண்களுக்குள் கரைந்துவிடும். வாசலை அடைத்தவர்களே இன்று தகுதிச் சான்றிதழ் வழங்கும் இடத்தில் இருப்பார்கள். இதில் பாதியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். கறுப்பின லீகுகளுக்குத் தகுதியை எவரும் வழங்கவில்லை, வழங்கவும் முடியாது. அது 1920லிருந்தே இருந்தது. தாங்கள் தவறாகச் சொல்லிவந்ததை மேஜர் லீக் நிர்வாகம் நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். அந்த எளிய செயலைப் பெருந்தன்மையாகக் காட்டும் விழாப் பேச்சுகள் எனக்கும் ஒவ்வாதவை. கணக்கு நேரானதால் இழப்பு ஈடாகிவிடவும் இல்லை. கிப்சனுக்குக் கிடைக்காத சம்பளம், யாங்கி ஸ்டேடியத்தில் அமெரிக்கன் லீக் பிட்சர்களை அவர் சந்திக்காமல் போன நூற்றுக்கணக்கான மாலைகள், அவர் பெயரில் ஒரு கல்கூட இல்லாமல் 1975 வரை கிடந்த அவருடைய கல்லறை, இவற்றில் எதையும் .372 தொடவில்லை. ஈடு செய்யும் நீதி வேறு, சரியாகச் சொல்லும் நீதி வேறு. முன்னது பெரும்பாலும் சாவோடு முடிந்துவிடுகிறது. கொடுக்க வேண்டிய ஆள் இல்லை. பின்னது முடிவதே இல்லை, ஏனென்றால் சொல்பவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஆட்சேபத்தின் மறுபாதி, அநீதியின் நினைவைக் காக்க கிப்சனைப் பட்டியலுக்கு வெளியிலேயே வைத்திருக்க வேண்டும் என்கிறது. அடைத்த கதவை நினைவூட்ட அதை அடைத்தே வைத்திருப்பது அவர்மேல் இன்னொரு சுமை. உயிரோடிருந்தபோது அவரை ஒதுக்கியது இனவெறி. இறந்தபின் நம் பாடத்துக்குச் சின்னமாக வெளியே நிறுத்துவதும் அவரை ஆட்டக்காரராக மதிப்பது ஆகாது. எண் தனியே முழுக் கதையையும் சொல்லாது என்பது லாஜுவேயின் எட்டு ஹிட்களுக்கும் பொருந்தும். அவற்றில் பெரும்பாலானவை எதிரணி வழிவிட்டுக் கொடுத்தவை, ஆனாலும் அடிக்கப்பட்டவை. எண்ணை மாற்றாமல் அதன் கதையை அதன் கூடவே சொல்வதுதான் நேர்மையான வழி.

அப்படிப் பார்த்தால் வேலை பாதியில் நிற்கிறது. 2024இல் கிப்சன் முந்தியதாக அறிவிக்கப்பட்ட .367 என்ற எண்ணிலேயே 1910இன் இரட்டைப் பதிவு உள்ளே இருக்கிறது.  சுதந்திரமான ஆய்வு நூல்களும் தரவுத் தளங்களும் காபின் ஹிட்களை 4,189 என்றும் சராசரியை .366 என்றும் எழுதுகின்றன. மேஜர் லீகின் அதிகாரப்பூர்வக் கணக்கு 4,191ஐ விடவில்லை. 1910இன் பேட்டிங் முதல்வர் அதன் ஏட்டில் இன்றும் காப்தான். கிப்சனின் காலத்து ஆட்ட அட்டைகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க முடிந்த நிர்வாகத்துக்கு, கையில் சான்று இருக்கும் ஓர் ஆட்டத்தின் இரட்டைப் பதிவை நீக்குவது பெரிய வேலையல்ல. கூன் காட்டிய எழுபதாண்டு வரம்பு வில்சன் விஷயத்தில் ஏறக்குறையத் தீண்டப்பட்டு, கிப்சன் விஷயத்தில் கடக்கப்பட்டுவிட்டது. லாஜுவேக்கு மட்டும் அது ஏன் இன்னும் செல்லுபடியாகிறது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.